நாலு மைல்

வில்லோ பெண்ட்
ஜனவரி 12

அன்பு மருமகள் லவானாவுக்கு உன் மாமன் டெல்மர் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். ஜனவரியில் சட்டசபை கூடும், காணாமல் போகிற நம் பெண்களுக்காக ஒரு மசோதா வரும், அதற்கு நீதான் போய் முன்னால் நிற்பாய் என்று போன கோடை நம் இனத்தார் கூடி ஆடும் பவ்வாவ் திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். கேட்டவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. உன் அம்மாதான், "அன்னிக்கு நீ பரிசுச் சீட்டு நம்பர்தானேடா வாசிச்சே" என்கிறாள். அக்காவுக்கு வரவர ஞாபகம் போதவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. போனில் கேட்டால் நான் கதைக்குள் போய்விடுகிறேனாம், அதனால் எழுதித் தர வேண்டுமாம். சரி. உன் தங்கை மிக்காவைக் கடைசியாகப் பார்த்தவன் நான். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன உடுத்தியிருந்தாள், ஒரே பக்கம், கீழே கையெழுத்து. அவ்வளவுதானே? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் அரசாங்கம் நம் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய இந்த ரிசர்வேஷனில் என் எழுத்துக்கு நிகரில்லை. பள்ளிக்கூடம்தான் என்னை விட்டதற்கு இன்னும் வருத்தப்படுகிறது.

இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. செவ்வாய்க்கிழமை என் மீசையில் உறைந்த பனியை உடைத்துக் காபியில் போட்டுக் குடித்தேன். அரசாங்கம் தரும் வெண்ணெய்க்கட்டி இந்த மாதம் வரவில்லை. உன் அம்மா இன்னும் நட்சத்திரப் போர்வைகள் தைத்துக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது சேர்ந்துவிட்டன. யாருக்கு அக்கா என்று கேட்டால் அடுத்த துண்டை வெட்டுகிறாள். செத்தவர்களுக்கென்றால் வருஷம் திரும்பினதும் விருந்து வைத்து, போர்வைகளைக் கொடுத்து, ஆளை அனுப்பி வைக்கலாம். மிக்கா போய் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. செத்தாள் என்று யார் வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவை எல்லையில் இருக்கும் மாட்டுக் கம்பிக்குக் கூட்டிப் போகிறேன். பனிக்கட்டி மேல் என்னைப்போல் வண்டி ஓட்ட இந்த மாநிலத்தில் ஆள் இல்லை. அவள் இறங்கிப் போய், காணாமல் போனவளுக்காக வேலியில் சிவப்புத் துணி கட்டுவாள். நான் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நவம்பர் பதினேழு. மாலை நாலு மணி. நான் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிறேன். மாடுகள் தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே பதித்த மாட்டுக் கம்பியைத் தாண்டினால் நம் மண். தாண்டி இருபதடி வந்ததும் பார்த்தேன், நீலக் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு மிக்கா வீட்டுப் பக்கமாக நடந்து போகிறாள். "ஏறிக்கோ" என்றேன். "நடக்கணும்போல இருக்கு மாமா, நீங்க போங்க" என்றாள். நாலு தரம் கையை உயர்த்தினாள். அவள் தலைக்கு நேர் மேலே ஒரு பருந்து. அது சுற்றுகிற விதத்தைப் பார்த்தே எனக்கு மனசு சரியில்லை. அதையும் நான் அப்பவே சொன்னேன்.

இதையே கொடுத்துவிடு. ஆறு பக்கம் ஆகிவிட்டது, பரவாயில்லை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமன் டெல்மர்


தலைநகர்
ஜனவரி 20

அன்புள்ள மாமா,

உங்கள் ஆறு பக்கமும் வந்தது. சோபாவில் படுத்துக்கொண்டு படித்தேன். இப்போது எனக்குப் படுக்கை, மேசை, அலுவலகம் எல்லாம் கல்லூரித் தோழி வீட்டு சோபாதான். மீசையில் இருந்த பனிக்கட்டிக்குச் சிரித்தேன். பல நாள் கழித்துச் சிரித்ததால் தாடை வலித்தது.

ஆனால் மாமா, இதைச் சட்டசபைக் குழுவிடம் கொடுக்க முடியாது. பருந்து வேண்டாம். மனசு சரியில்லை என்பது வேண்டாம். பார்த்தது மட்டும்.

மசோதா என்ன செய்யும் என்று கேட்டு அம்மா செய்தி அனுப்பியிருந்தாள். அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு பெண்ணைக் காணவில்லை என்று எந்தப் போலீஸிடம் போய்ச் சொன்னாலும், அங்கேயே, அன்றைக்கே, எழுதிக்கொண்டு தேடத் தொடங்க வேண்டும். எல்லைச் சண்டையை அவர்கள் பிறகு தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும். எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மாநிலத்துக்கு ஒரே ஒரு அதிகாரி. இவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை பேரின் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நமக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எல்லைக்கு வெளியே போலீஸ் வேலை பார்க்கும் பெல்மர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், "பொண்ணு உங்க எல்லைக்குள்ளதானே இருந்தா, எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார்கள். நம் போலீஸ் நாலே பேர், அதில் ஒருவர் விடுப்பு. மத்திய அரசுப் போலீஸ் அலுவலகம் பதினொரு நாள் கழித்துக் கூப்பிட்டது. இதைப் பதினாறு உறுப்பினர்களிடம் பதினாறு தரம் ஒரே குரலில் சொல்லிவிட்டேன். அழுதால் உணர்ச்சிவசப்படுகிறாள் என்கிறார்கள். அழாவிட்டால் சொல்லிப் பழகியிருக்கிறாள் என்கிறார்கள். இன்று ஒருவர், மிக்கா என்பதற்கு எத்தனை எழுத்து என்று கேட்டுவிட்டு, அதையும் தப்பாகவே எழுதிக்கொண்டார்.

கிளினிக் வேலையில் எனக்குத் தந்த விடுப்பு முடியப் போகிறது. ஒரு பக்கம், மாமா. தயவுசெய்து.

லவானா


வில்லோ பெண்ட்
ஜனவரி 28

அன்பு மருமகளே,

இதோ உன் ஒரு பக்கம். பருந்தை எடுத்துவிட்டேன். ஒரு நல்ல பறவையைக் கொன்ற பாவம் உன்னைச் சேரும்.

தபால்கார அம்மாள் முன்னால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து, இது அந்தக் காலத்தில் நம்மவர்கள் அரசாங்கத்தோடு போட்ட உடன்படிக்கையில் இருக்க வேண்டிய கையெழுத்து என்றாள். உடன்படிக்கையில் போட்டவர்கள் கதி தெரியுமா என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கேட்பவர்களிடம் எல்லாம், மசோதாவின் பாதியை நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மறுத்துவிடாதே.

நீ படிக்கும்போது கவனிப்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நாளும் மணியும் உடுப்பும் எழுதியிருக்கிறேன். இடத்துக்கு "சாலையோரத்தில்" என்று போட்டேன். இத்தனை நாள் கழித்து, அந்தக் குளிரில், இருபதடியா இருநூறடியா என்று ஒரு மனுஷன் எப்படிச் சத்தியம் செய்வது? சாலை என்றால் சாலைதான். எல்லாச் சாலையும் ஒன்றோடொன்று சேர்ந்துதானே கிடக்கிறது.

அக்காவுக்கு முழங்கால் வலி. இந்த ஞாயிறு போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

உன் மாமன்
டெல்மர்


தலைநகர்
பிப்ரவரி 3

மாமா,

இடம்தான் எல்லாமே. எல்லைக்கு வெளியே இருக்கும் கார்வர் ஊருக்கும் மாட்டுக் கம்பிக்கும் நடுவே நாலு மைல். அந்த நாலு மைலுக்காகத்தான் ஷெரிஃப் ஆட்கள் அவளைத் தேடவில்லை. நீங்கள் இடத்தை எழுதாவிட்டால் எனக்குப் பேச ஒன்றுமே இல்லை. போலீஸிடம் அன்று சொன்னதை அப்படியே எழுதுங்கள். விசாரணை பதினெட்டாம் தேதி. பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. கோபப்படத் தெம்பு இல்லை.

லவானா


வில்லோ பெண்ட்
பிப்ரவரி 8

மருமகளே,

எழுதிவிட்டேன். மாட்டுக் கம்பி, நம் பக்கம், இருபதடி. இந்தக் கடிதத்தில் வேறு செய்தி இல்லை. முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது.

டெல்மர்


தலைநகர்
பிப்ரவரி 19

அன்புள்ள மாமா,

முடிந்தது. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஆளுக்கு மூன்று நிமிஷம். மேசை மேல் விளக்கு ஒன்று, பச்சை, மஞ்சள், சிவப்பு. நம் பெண்கள் நாற்பது பேர் சிவப்புச் சால்வையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். நாற்காலி போதவில்லை. உங்கள் பக்கத்தை நானே வாசித்தேன். வாசிக்கும்போது ஒரு உறுப்பினர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நீலக் குளிர்கோட்டு என்ற இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

எதிர்த்துப் பேசப் பெல்மர் கவுண்டியில் இருந்து ஷெரிஃபின் ஆள் வந்திருந்தார். மரியாதையான மனுஷன். தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அடித்துப் பேசாமல் நிதானமாகச் சொன்னார். "அந்தக் குடும்பத்த நெனச்சா எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அவங்க சொந்தச் சாட்சியே பொண்ணு ரிசர்வேஷனுக்குள்ள இருந்தான்னு சொல்றார். நாலு மைல் இந்தப் பக்கம் இருந்திருந்தா, அன்னிக்கே கார்வர்ல கதவு கதவா தட்டியிருப்போம். பெட்ரோல் பங்க் கேமராவக் கையில எடுத்திருப்போம்."

எனக்கு மறு பேச்சுக்கு நேரம் இல்லை. விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆனாலும் எழுந்தேன். "நாலு மைல் தள்ளிப் போனா ஒரு பொண்ணு உங்களுக்கு யாரோ ஆயிடுவாளா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். கடலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

வாக்கு, ஆதரவாகப் பன்னிரண்டு, எதிராக ஏழு. மசோதா சபைக்குப் போகிறது. இன்று காலை பத்திரிகையில் அதற்கு நாலு மைல் மசோதா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்கள் அட்டையில் எழுதிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். நாலு மைல், நாலு மைல் என்று.

சந்தோஷமாக இருக்க வேண்டும். தூக்கம்தான் வருகிறது. உங்கள் ஒரு பக்கம் இல்லாவிட்டால் இது இல்லை, மாமா. பிடுங்கி எடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

லவானா


வில்லோ பெண்ட்
மார்ச் 2

அன்பு மருமகளே,

பத்திரிகையை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பனியன் அச்சடிக்கப் போகிறார்களாம், நெஞ்சில் நாலு மைல் என்று. அந்த வாக்கியத்தை உனக்குக் கொடுத்தவன் நான் என்று யாரிடமோ சொல்லிவிட்டேன். பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. இது எனக்கு வழக்கம் இல்லை.

ஞாயிறு போனோம். வேலியில் துணி கட்ட இடம் இல்லை. அக்கா பழைய துணிகளைத் தள்ளி இடம் பண்ணினாள். காற்றில் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம், வண்டிக் கண்ணாடியை ஏற்றினாலும் கேட்கிறது.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தொப்பிக்காரன் சொன்ன பெட்ரோல் பங்க் கேமரா, அதில் பதிவாவதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மாமன்
டெல்மர்


தலைநகர்
ஏப்ரல் 14

அன்புள்ள மாமா,

மசோதா இரண்டு சபையையும் தாண்டியது. ஏப்ரல் முப்பதாம் தேதி ஆளுநர் கையெழுத்துப் போடுகிறார். பின்னால் நிற்க நம் குடும்பத்துக்கு மூன்று இடம். அம்மா, நான், நீங்கள். உங்கள் நல்ல சட்டையைத் தேய்த்து வையுங்கள். மைக் கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கேமரா பற்றிக் கேட்டீர்களே, முப்பது நாள்தான் வைத்திருப்பார்களாம், பிறகு அதன் மேலேயே அடுத்தது பதிவாகிவிடும். ஏன் கேட்டீர்கள்?

இதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. புதிய அதிகாரி முதலில் எடுக்கப் போவது மிக்காவின் கோப்பு. பனி உருகியதும், மே இரண்டாம் வாரம், மோப்ப நாய்களோடு வருகிறார்கள். மாட்டுக் கம்பியில் தொடங்கி, உள்பக்கம் ஓடைப் பள்ளங்கள் எல்லாம். இதற்குப் பணம் ஒருமுறைதான், இன்னொரு முறை தர மாட்டார்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒரு எலும்பு கெடச்சாக்கூடப் போதும்டி. விருந்து வச்சு அனுப்பிடுவேன்" என்றாள். அவள் வாயால் அதைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

மாமா, உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. அவளைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. நம்மவர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு ஏறிக்கோ என்றார். அதை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

உங்கள்
லவானா


வில்லோ பெண்ட்
ஏப்ரல் 21

லவானா,

இதை ஏழு தரம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கிருந்தோ ஒரு பருந்து வந்துவிடுகிறது. இது எட்டாவது.

அந்த நவம்பரில் நான் குடிக்காமல் இருந்து ஒன்பது வருஷம் என்று ஊர் கணக்கு. டிசம்பரில் குடியை விட்டவர்களுக்கான ஆட்டம், மைக் என் கையில், நடுவில் நிறுத்தி எனக்குப் போர்வை போர்த்துவதாக இருந்தது. அதை உன் அம்மாதான் தைத்தாள். எல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, பதினேழாம் தேதி பகல் பன்னிரண்டு மணியில் இருந்து நான் கார்வரில் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தேன் என்பது. வைக்கோல் கிடையாது. அந்த வருஷம் நான் யாருக்கும் வைக்கோல் ஏற்றவே இல்லை.

மூன்று மணிக்குக் கடைப் போனில் மிக்காவைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டுகிற நிலைமையில் நான் இல்லை. உங்கள் வீட்டில் குடிக்காத பிள்ளை அவள்தான், வெளியே சொல்ல மாட்டாள் என்றும் தெரியும். யார் வண்டியிலோ ஏறிக் கார்வருக்கு வந்தாள். நாலு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். நீலக் குளிர்கோட்டு, அது உண்மை. "வாங்க மாமா, போலாம்" என்றாள்.

நான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டெருமை துரத்தின கதை. மேசையைச் சுற்றி எட்டுப் பேர், பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். "இத முடிச்சிட்டு வரேன், வெளியில வண்டிகிட்ட நில்லு" என்று அவளிடம் சொன்னேன். அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கப் பிடிக்காமல் அவளும் வண்டி நின்ற பின்பக்கம் போனாள். கதையை முடித்தேன். இன்னொன்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

வெளியே வந்தபோது என் வண்டி நின்றது. அவள் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எதிரே பெட்ரோல் பங்கில் யாரிடமாவது இடம் கேட்டு ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வண்டிக்குள் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் நம் போலீஸ் பையன் வந்து, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டான். உன் அம்மா பக்கத்தில் நின்றாள். கார்வர் என்று சொன்னால் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பாள். அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, நம்பினால் நம்பு. கார்வர் என்றால் வழக்கு ஷெரிஃபுக்குப் போகும். மதுக்கடை, குடிகார மாமன், ரிசர்வேஷன் பெண் என்று எழுதி அந்த நிமிஷமே கோப்பை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். நம் மண் என்று சொன்னால் நம் ஆட்கள் வருவார்கள். வந்தார்கள். நாற்பது பேர் குதிரையில் மூன்று வாரம் தேடினார்கள். பனியில் இரண்டு பேருக்குக் கால்விரல் போயிற்று. நானும் முன்னால் நின்று, அந்தப் பள்ளத்தைப் பார், இந்தப் பள்ளத்தைப் பார் என்று கத்திக்கொண்டிருந்தேன். பங்க் கேமராவில் அந்த நாளின் பதிவு முப்பது நாள் இருந்திருக்கிறது. டிசம்பரில் போர்வையைப் போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் டிசம்பர் இருபதுக்குப் பிறகு நான் தொடவில்லை. அதற்காகச் சொல்லவில்லை.

ஷெரிஃபின் ஆள் சொன்னதைக் கேட்டு நீ எழுந்து கேட்டாயே, அந்தக் கேள்வி இப்போதும் சரியான கேள்விதான். நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இருக்கும் பொய் என்னுடையது, உன்னுடையது அல்ல. இந்தக் கடிதத்தை ஆளுநர் கையெழுத்துக்கு முன்னால் காட்டுகிறாயா பின்னால் காட்டுகிறாயா என்று நான் சொல்ல மாட்டேன். முப்பதாம் தேதி நான் வரவில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு வண்டியை எடுக்கச் சொல்வாள். எடுக்க மாட்டேன், அப்போது சொல்லிவிடுகிறேன்.

நாய்களைக் கார்வருக்கு அனுப்பு. மதுக்கடையின் பின்பக்கம், பெட்ரோல் பங்குக்கு எதிரே. பதில் எழுத வேண்டாம்.

மிக்கா அன்றைக்கு நம் மண்ணுக்குத் திரும்பவே இல்லை. மாட்டுக் கம்பி நான் இட்டுக்கட்டியது.

டெல்மர்